வெள்ளிக்கிழமை மழை

சென்னை
22-8-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நாகநாதன் வணக்கம். நான் சுகம். மெஸ் சாப்பாட்டில் உப்பு மட்டும் குறைவில்லை. உன் உடம்பு எப்படி? அத்தானின் இடுப்புவலி தேவலையா?

போன தையில் ரேடியோ 'வறண்ட வானிலை' என்று சொன்ன அன்று உங்கள் கதிர்க்கட்டுகள் களத்தில் நனைந்து போனதை நீ மறக்கவில்லை என்று தெரிகிறது. கடிதத்துக்குக் கடிதம் 'அங்கே வறண்ட வானிலையா, குடை எடுத்துக்கொண்டு போ' என்று எழுதுகிறாய். வானிலை ஆபீசில் நான் தற்காலிகக் குமாஸ்தா மாதிரிதான். வரைபடத்தில் கோடு போடுகிறேன். மழையை நான் அனுப்புவதில்லை.

ஆனால் இந்தத் தடவை உன் கோபத்தால் ஒரு நன்மை நடக்கப் போகிறது. நாளைய மழையைச் சொல்ல வேண்டுமானால் நேற்றைய மழை எங்கே எவ்வளவு பெய்தது என்பது சுத்தமாகத் தெரிய வேண்டும். பூதலூரைச் சுற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த இடம் எங்கள் படத்தில் வெள்ளையாகக் கிடக்கிறது. ஆராய்ச்சிக்காகப் புது மழைமானிகள் வைக்கிறார்கள். மரநிழல் படாத இடம் வேண்டும் என்றார்கள். நம் செங்கழுநீர்க்குடிக் களத்தைச் சொல்லிவிட்டேன். மேலே ஒரு செம்புப் புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான். தினம் காலை எட்டரைக்கு அத்தான் பாட்டில் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்துக் குறித்து, வாரம் ஒரு கார்டு போட வேண்டும். அத்தானிடம் பக்குவமாகச் சொல்லு.

உன் தம்பி,
நாகநாதன்

*

செங்கழுநீர்க்குடி
10-9-1972

அன்புள்ள தம்பி நாகநாதனுக்கு,

அக்கா ஞானாம்பாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். உன் அத்தான் இடுப்பு உன் மழைமானியைப் பார்த்ததுமே நிமிர்ந்துவிட்டது.

பக்குவமாகச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சர்க்கார் வேலை என்றதும் மனிதர் பெட்டியிலிருந்து கல்யாண அங்கவஸ்திரத்தை எடுத்துவிட்டார். எட்டரைக்கு அளக்க ஏழு மணிக்கே குளித்துத் தயாராகிறார். அந்த ஒன்றரை மணி நேரமும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது.

ஊரில் வேறு பேச்சு. நில உச்சவரம்புக்காகக் களத்தை அளக்க மிஷின் வைத்திருப்பதாகப் பண்ணையார் காயாரோகணம் நம்புகிறார். அவருக்குப் பத்து வேலி நிலம், நமக்கு ஒரு வேலி. பயம் அவருக்குத்தானே இருக்கும். மழைமானிக்குப் போட்ட கம்பி வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுல எந்தப் பேருல நெலம் இருக்குன்னு தெரியுமா தியாகராசு?" என்று கேட்டாராம். உன் அத்தான், "மேலேருந்து விழுறதுதான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு இன்னும் கிலியாகிவிட்டது.

எனக்கு ஒரே ஒரு குறை. மழை இல்லாத நாளில் அந்தப் பாட்டில் வெறுமையாக இருக்கிறது. நெல் அளக்கிற களத்தில் நாம் மரக்காலைக்கூட வெறுமையாக வைப்பதில்லை, ஒரு பிடி நெல்லாவது போட்டு வைப்போம். வாசல் தெளிக்க வந்தால் எதிரே முதலில் கண்ணில் படுவது இந்த வெறும் பாத்திரம்தான், அதுவும் வெள்ளிக்கிழமையில். உங்கள் ஆபீசில் இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையா?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

சென்னை
25-9-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் முதல் கார்டுகள் வந்தன. கையெழுத்து எங்கள் மேலதிகாரியின் கையெழுத்தைவிட அழகாக இருக்கிறது, அவரே சொன்னார்.

வெறும் பாத்திரத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வெறுமையாக இருப்பதும் எங்களுக்கு ஒரு செய்தி. சைபர் என்றால் சைபர். இரண்டரை மில்லிமீட்டர் தாண்டினால்தான் அதற்கு 'மழை நாள்' என்று பெயர். நீ கவலைப்படாமல் கோலத்தைப் போடு.

அன்புடன்,
நாகநாதன்

*

செங்கழுநீர்க்குடி
14-11-1972

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். தீபாவளிக்கு நீ வராதது உன் அத்தானுக்கு வருத்தம். எனக்கு அதிரசம் மிச்சம். பார்சல் அனுப்பியிருக்கிறேன், உடைந்திருந்தால் தபால்காரரைத் திட்டாதே, பாகு முறுகிவிட்டது.

ஐப்பசி மழை நல்ல மழை. சம்பாப் பயிர் கறுகறுவென்று நிற்கிறது. கட்சி இரண்டாகப் பிரிந்ததில் டீக்கடையும் இரண்டாகிவிட்டது. அந்தக் கடைக்காரர் பையன் இந்தக் கடையில் குடிக்கிறான்.

அறுவடைக் கூலித் தகராறு இப்போதே ஆரம்பமாகிவிட்டது. அரை மரக்கால் கூடுதலாக வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். முன்னால் நிற்பது நம் வயலில் நடவு நடுகிற செவ்வந்தி. காயாரோகணம் தர முடியாது என்கிறார். "கதிர் காயட்டும், வயிறும் காயட்டும், யார் முதல்ல வர்றாங்கன்னு பாப்போம்" என்றாராம். பண்ணையார் சொன்னதற்கு உன் அத்தானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒரு வேலிக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். சர்க்கார் ஆள் என்கிற முறையில் அழைத்தார்களாம்.

மழைமானி நன்றாக இருக்கிறது. தினமும் துடைக்கிறேன்.

அக்கா

*

சென்னை
12-12-1972

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நான் ஒரு கண்டுபிடிப்புச் செய்திருக்கிறேன்!

அத்தானின் கார்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். செங்கழுநீர்க்குடியில் மற்ற நாளில் மழை எப்படி இருந்தாலும், ஏழு நாளுக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை அதிகாலையில், ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தப்பாமல் பெய்கிறது. பக்கத்து ஊர்களில் வானம் வெளுத்துக் கிடக்கிற நாளிலும் பெய்கிறது. அதைவிட ஆச்சரியம், நாலு வாரத்துக்கு ஒரு வெள்ளி மட்டும் பெய்வதில்லை. அதற்குக் காரணம் சந்திரன்தான் என்று நினைக்கிறேன். கடலில் ஓதம் ஏறி இறங்குவது போலக் காற்றிலும் ஏதோ நடக்கிறது.

மேலதிகாரி முதலில் சிரித்தார். பிறகு எல்லாவற்றையும் அட்டையில் துளை போட்டுப் பூனாவில் உள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்பினோம். கம்ப்யூட்டரும் ஏழு என்றே சொல்லிவிட்டது! மிஷினுக்கு ஓரவஞ்சனை உண்டா? மார்ச்சில் டில்லியில் மாநாடு. என் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். அது நன்றாகப் போனால் பூனா ஆராய்ச்சிப் பிரிவில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் கோடு போட்டே என் தலை நரைக்கும்.

நிரூபணம் இன்னும் பலமாக இருக்க, தானே பதிகிற மழைமானி ஒன்று ஜனவரியில் வருகிறது. உருளையில் சுற்றிய காகிதத்தில் பேனா தானே கோடு இழுக்கும். எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகத்தில் பெய்தது என்பது வரைக்கும் தெரியும். அதன் காகிதங்களை மட்டும் அத்தான் மொத்தமாகச் சேர்த்து அனுப்பட்டும்.

அக்கா, வாத்தியார் அடித்த அன்றெல்லாம் எனக்கு அதிரசம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவள் நீ. இந்தப் பெருமை உனக்கும் சேர்ந்தது.

உன் தம்பி,
நாகநாதன்

*

செங்கழுநீர்க்குடி
9-1-1973

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பொங்கல் வேலை. நீ சந்தோஷமாக இருப்பது எனக்குச் சந்தோஷம்.

உன் அத்தான் அந்தக் கடிதத்தை இரண்டு டீக்கடையிலும் படித்துக் காட்டிவிட்டார். மழையைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நம்ம தூங்குறப்ப பெஞ்சிருக்கும். கருவி பொய் சொல்லுமா?" என்கிறார். தரை நனையவில்லையே என்றேன். "மூணு மில்லிமீட்டர், மண்ணு குடிச்சிருக்கும்" என்றார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இந்தக் கட்டுரையை அடுத்த வருஷம் படித்தால் ஆகாதா? அவசரப்பட்டால் எதுவும் சரியாக வராது. இங்கே ஒரு தடவை வந்து போனால் உட்கார்ந்து பேசலாம். கடிதத்தில் எழுத எனக்கு வரவில்லை. உனக்கு வாராவாரம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா?

புது மிஷின் வந்தது. அழகாக இருக்கிறது. அதுவும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அக்கா

*

சென்னை
23-1-1973

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் தனியாக வந்தது. அக்கா என் கட்டுரையைத் தள்ளிப்போடச் சொல்கிறாள். என் வளர்ச்சியில் அவளுக்கு ஏன் இப்படி ஒரு பயம் என்று புரியவில்லை. வருத்தமாக இருக்கிறது. அதனால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

அறுவடையைத் தள்ளிப்போட்டுக் கூலிக்காரர்களைப் பணிய வைக்கப் போவதாகவும், அதுவரை மழை வருமா வராதா என்று பண்ணையார் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆபீசுக்கு வெளியே நான் இதைச் சொல்லக் கூடாது. வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்குப்படி தை இருபது, பிப்ரவரி இரண்டு, வெள்ளிக்கிழமை நம் ஊரில் மழை நிச்சயம்.

அன்புடன்,
நாகநாதன்

*

செங்கழுநீர்க்குடி
5-2-1973

அன்புள்ள தம்பிக்கு,

இவ்விடம் நலம். அறுவடை முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேள்.

நீ 'வீட்டோடு' என்று எழுதியதை உன் அத்தான் 'பண்ணையார் வீட்டோடு' என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காயாரோகணம் வீட்டில் நிலக்காரர்கள் கூட்டம். பத்து நாள் கழித்து வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவது, அதுவரை கதிரை வயலிலேயே விடுவது என்று முடிவு செய்துவிட்டு எழுந்திருக்கிற நேரம். உன் அத்தான் கடிதத்தை விரித்துப் படித்தார். நான் பண்ணையார் சம்சாரத்துக்கு வடகம் கொடுக்கப் போனவள், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காயாரோகணம் முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கிழமையா? முத்தின கதிரு சாஞ்சா மறுநாளே முளைச்சிடுமேய்யா. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சா?" என்றார்.

"பூனாவுலேருந்து சொல்லிடுச்சு" என்றார் உன் அத்தான்.

அன்று சாயங்காலமே செவ்வந்தியை அழைத்து அரை மரக்கால் ஒப்புக்கொண்டார்கள். அவள் நம்பாமல், "எழுதிக் குடுங்க" என்றாள், எழுதியும் கொடுத்தார்கள். திங்கள் தொடங்கி வியாழனுக்குள் ஊர் முழுக்க அறுத்துப் போர் போட்டாயிற்று. அவ்வளவு வேகமான அறுவடையை நான் பார்த்ததில்லை. காயாரோகணமே கட்டுத் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சுள்ளென்று வெயில். ஊர் மொத்தமும் நம் களத்துக்கு வந்துவிட்டது. உன் அத்தான் அசரவில்லை. எட்டரைக்கு அங்கவஸ்திரத்தோடு வந்து பாட்டிலைக் குழாயில் ஊற்றினார். மூன்று மில்லிமீட்டர்! அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பெஞ்சிருக்கு பாருங்கய்யா!" என்று ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் காட்டினார்.

காயாரோகணம் வெகுநேரம் பார்த்தார். "ஒங்க களத்துல மட்டும் பெய்யுறதுக்கு நான் ஏன்யா அரை மரக்கால் குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் அத்தானோடு பேசுவதில்லை. நல்லதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

சென்னை
19-2-1973

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

புது மழைமானியின் காகிதக் கட்டு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. உண்மையான மழை பெய்தால் பேனா சரிவாக ஏறும். தூறினால் மெல்ல, கொட்டினால் வேகமாக. எப்படிக் கொட்டினாலும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உன் வெள்ளிக்கிழமை மழை அப்படி ஏறவில்லை. விடிகிற நேரத்தில், சுவரில் ஆணி அடித்தது போல நேரே மேலே போயிருக்கிறது. ஒரே நொடி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எந்த மேகமும் இப்படிப் பெய்யாது. ஒரு சின்னக் கிண்ணம் பெய்யும்.

காகிதங்களைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். வெறும் பாத்திரம், வெள்ளிக்கிழமை, எல்லாம் எழுதியிருக்கிறாய். 'கோலத்தைப் போடு' என்று நானே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாம் போகட்டும். நாலு வாரத்துக்கு ஒரு வெள்ளி ஏன் பெய்யவில்லை? சந்திரனைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. மாநாட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்லு.

நாகநாதன்

*

செங்கழுநீர்க்குடி
22-2-1973

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் புகை என்று நினைத்துக்கொண்டார்.

நான்தான் ஊற்றினேன். வெள்ளிக்கிழமையில் களத்தில் வெறும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. பூஜைக் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் தண்ணீர். புது மிஷின் வந்த பிறகு, அது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் ஊற்றினேன். அந்தத் தண்ணீர் பூனா வரைக்கும் போகும் என்று எனக்கு என்ன தெரியும்? உன் அத்தான் உன் ஆபீசுக்கு ஏதோ கார்டு போடுகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நாலு வாரத்துக்கு ஒரு தடவை நான் களத்துப் பக்கம் போவதில்லை. உனக்குக் கல்யாணம் ஆனால் தெரியும். டில்லியில் எதைச் சொன்னாலும் இதைச் சொல்லித் தொலைக்காதே.

கண்டுபிடிப்பு என்று நீ குதித்து எழுதினாயே, அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. சொல்லப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். நிறுத்திவிடலாம் என்றும் நினைத்தேன். நிறுத்தினால் உன் கணக்குப் பொய்யாகிவிடுமே என்று அதற்காகவும் ஊற்றினேன்.

பண்ணையார் வீட்டுக் கதவோரம் நின்றது வேறு விஷயம். அங்கே உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். செவ்வந்தி வீட்டில் மார்கழி முழுக்க ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. எனக்கு அது தெரியும். நான் வடகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. உன் வேலை போகுமே என்றுதான் சோறு இறங்கவில்லை.

மூடி மறைக்காதே. என் பேரைச் சொல்லு. 'என் அக்கா படிக்காதவள், ஊற்றிவிட்டாள்' என்று சொல்லு.

அக்கா

*

டில்லி
14-3-1973

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம், சளியைத் தவிர.

அச்சடித்த கட்டுரையை மேடையில் வைத்துவிட்டு, இதில் இருப்பது அத்தனையும் தப்பு என்றுதான் தொடங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமைக் காகிதத்தைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டினேன். இது மழை இல்லை, என் அக்கா என்றேன். அப்படி ஒரு சிரிப்பை அந்த மண்டபம் கேட்டிருக்காது. சந்திரனைப் பற்றி ஒருவர் கேட்டார். அக்கா அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தாள் என்று சொல்லிவிட்டேன். மாதா மாதமா என்றார். எங்கள் வீட்டில் சொந்தம் அதிகம் என்றேன்.

படிக்காதவள் என்று மட்டும் சொல்லவில்லை. உன் கடிதங்களை நான் படித்திருக்கிறேனே.

சிரிப்பு அடங்கியதும் பூனா அதிகாரி எழுந்து, "இந்த நாட்டில் எத்தனை மழைமானிக்கு எத்தனை அக்காக்கள்?" என்று கேட்டார். எல்லாரும் தத்தம் ஊர்க் கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் ஊரில் ஞாயிறு மழையே இல்லாமல் திங்களன்று இரட்டிப்பாகப் பெய்கிறதாம், அளப்பவருக்கு ஞாயிறு லீவு. இன்னோர் இடத்தில் மாடு வந்து குடித்துவிட்டுப் போகிறதாம். இப்படிப்பட்ட தண்ணீரையெல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துத் தள்ளும்படி ஒரு முறை வகுக்க வேண்டும். அது முடிந்தால்தான் நாளைய மழையைத் துணிந்து சொல்ல முடியும். அதற்கு ஒரு பிரிவு தொடங்குகிறார்கள். அதில் எனக்கு வேலை, நிரந்தரம். ஏப்ரலில் பூனாவுக்குப் போகிறேன்.

அத்தானுக்குத் தனியாக மழை சொன்னதையும் மறைக்கவில்லை. அதற்கு மட்டும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது நியாயம்.

உன் தம்பி,
நாகநாதன்

*

செங்கழுநீர்க்குடி
28-3-1973

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாதா மாதமா என்று கேட்ட மனிதருக்குப் பெண்டாட்டி இல்லையா?

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அங்கவஸ்திரம் இல்லாமலே அளந்தார். மூன்றாம் நாள், "மத்த நாள் அளந்ததெல்லாம் சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். மறுபடி அங்கவஸ்திரம் வந்துவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமை ஒரு குடம் தண்ணீரை மழைமானி வேலிக்கு வெளியே வைத்துவிடுகிறேன். களத்துக்கும் நிறைவு, உனக்கும் சைபர்.

நேற்று உளுந்து பறிக்க வந்த செவ்வந்தியிடமும் சொன்னேன். நாமாகச் சொல்லாவிட்டால் உன் அத்தான் டீக்கடையில் சொல்லிவிடுவார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னிக்கு மழை வராதுன்னு எழுதியிருந்தா, லாரி வந்திருக்கும்ல?" என்று கேட்டாள்.

வந்திருக்கும் என்றேன்.

"இனிமே உங்க தம்பி சொல்றது பலிக்குமா?"

பலிக்கிற மாதிரி செய்யத்தான் பூனாவுக்குப் போகிறான் என்றேன். அவள் கூடையிலிருந்து ஓர் உளுந்தங்காயை எடுத்து உரித்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப ஒண்ணு எழுதுங்கக்கா. மழை வந்தாலும் சரி, வராட்டியும் சரி, பண்ணையார் வீட்டுக்குக் கடுதாசி போடுற அன்னிக்கே எங்களுக்கும் ரேடியோவுல சொல்லச் சொல்லுங்க."

எழுதிவிட்டேன்.

அக்கா ஞானாம்பாள்